கவர்னர் கருணை மனு: வாசகர் கேள்விகள்

"என் வீட்டுக்காரர் கொலை கேஸில் கோவை ஜெயிலில் பதினோரு வருஷமா ஆயுள் கைதியா இருக்காருங்க. கவர்னருக்குத் தபாலில் மனு போட்டாப் போதுமுங்களா? 14 வருஷம் முடியோணும்ங்கறாங்களே?" (பொள்ளாச்சி வாசகி)

தபாலில் போடலாம்மா. ஆனால் அந்தக் கவரை கவர்னர் மாளிகையில் பிரித்தாலும், பரிசீலிக்க அரசின் உள்துறைக்குத்தான் அனுப்புவார்கள். கருணை காட்டும் அதிகாரத்தைத் தரும் அரசியல் சாசனத்தின் 161-வது பிரிவில் கையெழுத்து கவர்னருடையது, முடிவு அமைச்சரவையுடையது. 1980-ல் மாரு ராம் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 1999-ல் ராஜீவ் கொலை வழக்கில் நளினி உள்ளிட்டோரின் கருணை மனுக்களை அமைச்சரவையைக் கேட்காமலே அன்றைய கவர்னர் நிராகரித்தார். சென்னை ஐகோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதனால் மனுவை சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கொடுங்கள். நன்னடத்தை விவரம், நோய் இருந்தால் மருத்துவச் சான்று, தீர்ப்பு நகல் எல்லாம் சேர்ந்து போகும்.

14 வருஷக் கணக்கு கொலை போன்ற குற்றங்களில் ஆயுள் பெற்றவர்களுக்குச் சாதாரணச் சட்டம் வைத்த வரம்பு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 433-ஏ; 2024 ஜூலை முதல் நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 475. அது 161-ஐக் கட்டுப்படுத்தாது. பதினோரு வருஷத்திலும் கேட்கலாம்.

ஒன்று சொல்லவேண்டும். கோவை ஜெயில் இருக்கும் நஞ்சப்பா சாலையில், மகனை ஜெயிலில் பார்த்துவிட்டு வந்த ஓர் அம்மா மஞ்சப்பையிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்து நீட்டினார். மடித்து மடித்து, மடிப்பிலேயே கிழிந்து, தண்டனைப் பிரிவு இருந்த வரியே போயிருந்தது. நகலை இன்றே நாலு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்குப் போன் பண்ணுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் காசு வாங்கமாட்டார்கள்.

"தருமபுரி பஸ் எரிப்பில் எங்க ஊர் வேளாண் பல்கலைக்கழகப் பொண்ணுங்க மூணு பேர் செத்தாங்க. குற்றவாளிகளை எப்படி விட்டாங்க?" (வடவள்ளி வாசகர்)

2000 பிப்ரவரி 2. கோவையில் இன்னும் ஆறாத நாள். குற்றவாளிகள் மூவருக்கும் தூக்கு உறுதியாகி, 2016-ல் சுப்ரீம் கோர்ட்டே ஆயுளாகக் குறைத்தது. 2018-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி அரசு விடுதலைக்குப் பரிந்துரைத்தது. கவர்னர் முதலில் கோப்பைத் திருப்பி அனுப்பினார். மறுபடி வந்ததும் கையெழுத்திட்டார். நவம்பரில் வெளியே வந்துவிட்டார்கள். அதே 2018 செப்டம்பரில் ராஜீவ் கொலை வழக்குக் கைதி பேரறிவாளனுக்காகப் போன அமைச்சரவைத் தீர்மானமோ கவர்னரிடமே கிடந்து, அப்புறம் ஜனாதிபதிக்கு அனுப்பப்பட்டது. கடைசியில் 2022 மே 18-ல் சுப்ரீம் கோர்ட்தான் விடுவித்தது. எந்தக் கோப்பு எத்தனை நாளில் நகர வேண்டும் என்று 161-ல் ஒரு வரிகூட இல்லை. இந்தக் குறையைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெண்ணைப் பறிகொடுத்த வீட்டையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

"அப்படி விட்டால் பாதிக்கப்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போக முடியுமா?" (ஈரோடு)

முடியும். ஆந்திராவில் ஒரு கொலைக் கைதிக்குக் கவர்னர் கொடுத்த தண்டனைக் குறைப்பை, செத்தவரின் மகன் போட்ட வழக்கில் 2006-ல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. சாதி, மதம், கட்சி பார்த்துக் கருணை காட்டக்கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

"கள்ளநோட்டு கேஸில் உள்ளே இருக்கும் அண்ணனுக்கும் இதே மனுதானா?" (கரூர்)

இல்லை. நாணயமும் நோட்டும் மத்திய அரசின் பொறுப்பு. கவர்னருக்கு இதில் அதிகாரம் இல்லை என்று 1974-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. 72-வது பிரிவில் ஜனாதிபதிக்கு எழுதுங்கள். இதையும் சிறைக் கண்காணிப்பாளரிடமே கொடுக்கலாம்.