கேனில் நாறும் கடல்நீர்: கல்லுப்பு சேர்க்கலாமா?

கேள்வி: பரமக்குடியில் வீட்டு மாடியில், மொத்தம் 500 லிட்டர் பிடிக்கும் தொட்டிகளில் கோமாளி மீன் வளர்க்கிறேன். மாதம் ஒருமுறை மண்டபத்திலிருந்து கேன்களில் கடல்நீர் எடுத்துவந்து, வாராவாரம் கொஞ்சம் மாற்றுகிறேன். பத்து நாளில் கேன் தண்ணீர் அழுகிய முட்டைபோல நாறுகிறது. மழைக்காலத்தில் உப்பும் குறைகிறது. தூத்துக்குடி கல்லுப்பைக் கரைத்துச் சேர்த்தால் போதுமா?

பதில்: கல்லுப்பு வேண்டாம். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும், பிறகு ஜிப்சமும் படிந்துவிடும். அதற்குப் பிறகுதான் உப்பு விளையும். மெக்னீசியத்தில் பெரும்பகுதி கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். மூட்டையில் வருவது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. உப்புமானி சரியான அளவைக் காட்டும், ஆனால் அது கடல்நீர் ஆகிவிடாது.

நாற்றத்துக்கு வருவோம். நீங்கள் அள்ளிவரும் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் ஏராளம். மூடிய கேனில், மாடி வெயிலில் அவை செத்து அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் அளவுக்கு சல்பேட் உண்டு. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அந்த வாயு மீனுக்கு நஞ்சு. நாறும் தண்ணீரைக் காற்றாட வைத்துப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன், கொட்டிவிடுங்கள். அழுகலில் உண்டான அம்மோனியா காற்றோட்டத்தில் போய்விடாது.

இனி கொண்டுவந்த அன்றே நெருக்கமான துணிப்பையில் வடிகட்டி, உணவுத்தர பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றுங்கள். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த டிரம் எவ்வளவு கழுவினாலும் ஆகாது. பித்தளைக் குழாயும் வேண்டாம், செம்பு கசிந்தால் இறாலும் கடல்சாமந்தியும் (அனிமோன்) முதலில் போகும். 200 லிட்டருக்கு 30 சதவீத குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 7 கிராம் எடுத்து, தனியே கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் ஊற்றி ஒரு நாள் மூடி வையுங்கள். மறுநாளிலிருந்து ஏர் பம்ப் ஓடட்டும். குளோரின் சோதனைக் கிட்டில் நிறம் தெரிந்தால் சோடியம் தயோசல்பேட் போட்டு முறியுங்கள். 1 பங்கு குளோரினுக்கு 7 பங்கு கணக்கு. நிறம் வராதவரை ஒரு குவளைகூடத் தொட்டிக்குப் போகக்கூடாது. பிறகு டிரம்மை மாடியிலிருந்து இறக்கி, மாடிப்படிக்குக் கீழே இருட்டில், மூடியோடு, ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழ்களாக விடும் கல்) ஓடும்படி வைத்தால் மாதம் முழுக்கத் தாங்கும்.

மழைக்காலத்தில் எங்கே அள்ளுகிறீர்கள் என்பதும் முக்கியம். வாடைக்காற்றில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கும், உப்பும் இறங்கும். அப்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம், ஊர்ச்சாக்கடை சேராத இடத்தில், கடல் ஏற்றம் இருக்கும்போது அள்ளுங்கள். அப்படியும் உப்பு ஆயிரத்துக்கு 28 பங்கு என்று காட்டினால், மீன்கடையில் கிடைக்கும் கடல் உப்புக் கலவையை 50 லிட்டருக்கு 350 முதல் 400 கிராம் சேர்த்தால் 35-ஐ நெருங்கும். கோமாளி மீன் 30 முதல் 35 வரை தாங்கும். திடீர் ஏற்ற இறக்கத்தைத்தான் தாங்காது.

கடல்நீரே கிடைக்காத வாரத்தில் முழுக்கக் கலவையிலேயே தயாரிக்கலாம். உங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு, ஆர்.ஓ. நீர் எடுங்கள். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம். தண்ணீரை முதலில் நிரப்பி, பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சிறு பம்ப்) ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். உப்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளைப் பொடியாக அடியில் தங்கிவிடும், அது மறுபடி கரையாது. இரவு முழுக்கச் சுழலவிட்டு, காலையில் உப்பும் வெப்பமும் தொட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து மாற்றுங்கள். வாரம் 50 லிட்டர் உங்களுக்குப் போதும். கடல்நீர் எடுத்துவர முடிகிற உங்களுக்கு ஆண்டு முழுக்கக் கலவை வாங்குவது வீண்செலவு. ஒரு வாளி கைவசம் இருந்தால் சரி, ஈரம் படாமல் மூடி வையுங்கள்.

இன்னொன்று. தொட்டியில் வெயிலுக்கு வற்றும் நீருக்குக் கடல்நீர் ஊற்றுகிறீர்களா என்று எழுதவில்லை. ஊற்றினால் நிறுத்துங்கள். நீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, மட்டம் இறங்கினால் ஆர்.ஓ. நீரை மட்டும் நிரப்புங்கள்.