திருகோணமலையிலிருந்து மலையேறப் போகிறேன்: புழுங்காத குளிர் ஜக்கெட்டை எப்படித் தெரிவு செய்வது?

மார்ச்சில் சிவனொளிபாதமலைக்கும் ஏப்ரலில் நேபாளத்தின் அன்னபூர்ணா அடிவார முகாமுக்கும் போவதாகவும், ஏறும்போது புழுங்காமலும் நின்றால் குளிராமலும் இருக்கும் ஜக்கெட் எது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் திருகோணமலையைச் சேர்ந்தவன் என்பதால், நம் ஊர் வெக்கைக்குப் பழகிய உடம்பு குளிரை விட வியர்வையால்தான் அதிகம் துன்பப்படும் என்பதை அனுபவத்தில் அறிவேன்.

முதன்முறை சிவனொளிபாதமலையில் நல்லதண்ணிப் பக்கமாக ஏறியபோது, வாத்து இறகு அடைத்த தடித்த ஜக்கெட் ஒன்றை இரவல் வாங்கி அணிந்திருந்தேன். பாதிப் படிகளைக் கடப்பதற்குள் உள்ளே போட்டிருந்த பருத்திப் பெனியன் பிழியும் அளவுக்கு நனைந்துவிட்டது. உச்சியில் சூரிய உதயத்துக்காகக் காத்திருந்த வேளையில் அக்குளுக்குக் கீழே தடவிப் பார்த்தேன். இறகெல்லாம் ஈரத்தில் சிறு சிறு கட்டிகளாகத் திரண்டிருக்க, மற்ற இடங்களில் இரண்டு துணிகள் மட்டுமே ஒட்டிக் கிடந்தன. அம்மலையின் உயரம் 2243 மீற்றர். 1000 மீற்றருக்கு ஏறத்தாழ 6.5 பாகை வீதம் வெப்பம் குறைவதால், நம் கடற்கரையை விட அங்கே 14 பாகையளவு குளிர் கூடுதலாக இருக்கும். நீரோ காற்றை விடச் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். அன்று என்னை நடுங்க வைத்தது அந்த ஈரப் பெனியன்தான்.

இறகு வெளியே வராமலிருக்க இறகு ஜக்கெட்டின் மேல்துணியை மிக நெருக்கமாக நெய்ய வேண்டியிருப்பதால், வியர்வை ஆவியும் உள்ளேயே தங்கிவிடுகிறது. பொலார்டெக் அல்பா போன்ற செயற்கை இழை அடைப்புகளில் இழைகள் பிரிந்து வெளியேறாதபடி பின்னப்பட்டிருப்பதால், மேல்துணியும் உள்துணியும் தளர்வாக இருக்கலாம். அமெரிக்கச் சிறப்புப் படையினருக்காக முதலில் உருவாக்கப்பட்டது அது. 2014இல் வந்த பட்டகோனியா நிறுவனத்தின் நானோ எயர் ஜக்கெட்டும் இவ்வகையைச் சேர்ந்ததே. பெயரைத் தேடி அலையத் தேவையில்லை. கடையில் ஜக்கெட்டின் உட்பக்கத்தில் வாயை அழுத்தி வைத்து ஊதுங்கள். மறுபக்கத்தில் பிடித்த உள்ளங்கையில் மூச்சுப் படாவிட்டால், விற்பவர் என்ன சொன்னாலும் நடக்கும்போது அணிய அது உதவாது. அடைப்பின் எடை சதுர மீற்றருக்கு 40 முதல் 60 கிராம் வரை இருந்தால் ஏறுவதற்குப் போதும்.

மூச்சு வெளியே வரும் துணிக்குள் காற்றும் புகும். ஆகவே கைக்குள் அடங்கும் மெல்லிய காற்றுத் தடுப்பு மேலாடை ஒன்றைப் பையில் வைத்திருந்து, நின்றவுடன் மேலே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாலை கோணேசர் கோயிலருகே பாறை விளிம்புப் பக்கம் அந்த மேலாடையைப் போட்டும் கழற்றியும் நின்று பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். உள்ளே பருத்தி வேண்டாம். பொலியெஸ்டரோ மெல்லிய கம்பளியோ அணியுங்கள். அன்னபூர்ணா முகாம் 4130 மீற்றரில் இருப்பதால் ஏப்ரலிலும் விடியற்காலையில் நீர் உறையக்கூடும். அங்கே இறகு ஜக்கெட்டும் தேவைதான். ஆனால் நடையை முடித்து, உலர்ந்த சட்டைக்கு மாறிய பின்னரே அதை அணிய வேண்டும்.

திரும்பி வந்ததும் துணி மென்மையாக்கி சேர்க்காமல் கழுவி, நன்றாக உலர்த்தி, கொடியில் தளர்வாகத் தொங்க விடுங்கள். பையில் அமுக்கி வைத்தால் அடைப்பு தட்டையாகிவிடும். நம் ஊர் மார்கழி மழையில் பூஞ்சணமும் பிடித்துவிடும்.