சந்தை ரோஜாவில் குல்கந்து போடலாமா?

அன்புள்ள அக்கா,

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வீட்டைச் சுற்றிச் செம்பருத்தி, நந்தியாவட்டை, ஒரு பன்னீர் ரோஜா, வேலியோரம் ஆவாரை எல்லாம் இருக்கின்றன. மாமியார் இருந்தவரை பூக்களை வைத்தே பாதி வைத்தியம் பார்த்துவிடுவார். கண் சிவந்தால் நந்தியாவட்டைச் சாறுதான். இப்போது நானும் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். விலை இறங்கும் நாட்களில் சந்தையில் ரோஜா சல்லிசாகக் கிடைக்கிறது. மொத்தமாக வாங்கிக் குல்கந்து போட்டு வைக்கலாமா? வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது. ஆவாரம்பூ கொடுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

சந்தை ரோஜா வேண்டாம். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளரும் நீளக் காம்பு ரோஜா ஆகட்டும், திறந்த வயலில் பறித்து வரும் உதிரி ரோஜா ஆகட்டும், இரண்டுமே அலங்காரத்துக்கும் மாலைக்கும் பயிராகிறவை. இலைப்பேனுக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்து அடிக்காமல் அந்தப் பூவைச் சந்தைக்குக் கொண்டுவருவது சிரமம். விவசாயியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் அதைச் சாப்பிடுவதற்காக வளர்க்கவில்லை. காய்கறிக்கு என்றால் மருந்து அடித்து இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கலாம் என்று கணக்கு உண்டு. பூவைத் தினமும் பறிக்கிறார்கள். சில மருந்துகள் செடிக்குள்ளேயே ஊடுருவிவிடும், உப்புத் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் போகாது. குல்கந்தில் இதழை வேகவைப்பதுகூட இல்லை. கல்யாண மாலை, கோயில் மாலைக்கும் இதே பதில்தான். நர்சரியிலிருந்து புதிதாக வாங்கிவந்த செடி என்றால், முதல் சில மாதப் பூக்களைச் சாமிக்கு வையுங்கள்.

உங்கள் வீட்டுப் பன்னீர் ரோஜாவே போதும். ஒரு செடியில் கிலோ கணக்கில் பூக்காது, பூக்கவும் வேண்டாம். பனி காய்ந்த பிறகு பறித்து, அடியில் இருக்கும் பச்சையையும் மகரந்தத்தையும் ஒதுக்கிவிட்டு, இதழ்களை லேசாக அலசித் துணியில் பரப்பி ஈரம் போக நிழலில் உலர்த்துங்கள். இதழின் எடைக்குக் குறைந்தது சம எடை சர்க்கரை அல்லது பொடித்த கற்கண்டு வேண்டும். ஒன்றரைப் பங்கு போட்டால் இன்னும் நாள் தாங்கும். கண்ணாடி பாட்டிலில் ஒரு அடுக்கு இதழ், ஒரு அடுக்கு சர்க்கரை. மறுநாள் பூத்ததை அதே கணக்கில் மேலே சேர்த்துக்கொண்டே போகலாம். ஓரிரு நாளில் இதழ் சுருங்கி, அடியில் இளஞ்சிவப்பாகப் பாகு ஊறி நிற்கும். பூவின் தண்ணீரைச் சர்க்கரை இழுத்துக்கொள்வதால் வருவது அது. பாகு கெட்டியாக இருக்கிறவரை பூஞ்சை அண்டாது. ஈரக் கரண்டி ஒன்றை உள்ளே விட்டால் போச்சு. மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடி, தினமும் சில மணி நேரம் வெயிலில் வைத்து, காய்ந்த மரக்கரண்டியால் கிளறுங்கள். மூன்று வாரத்தில் கருஞ்சிவப்பாகிக் குழைந்துவிடும். சூட்டுக்கும் லேசான மலச்சிக்கலுக்கும் ராத்திரி ஒரு ஸ்பூன் போதும். வீட்டுக்காரருக்கு மட்டும் கொடுக்காதீர்கள், பாதிக்கு மேல் சர்க்கரைதான்.

ஆவாரை நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மேட்டு நிலமெல்லாம் தானாகவே பூக்கிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்டவும் அதுதான். நிழலில் உலர்த்திக் கொஞ்சம் பூவைக் கொதிக்கவிட்டு டீ மாதிரிக் குடிக்கலாம், ஆனால் முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கினால் மயக்கம் வரும். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வண்டிப் புகை படியும் ரோட்டோரத்துப் பூவும் வேண்டாம்.

செம்பருத்தியைத் தலைக்கு எண்ணெய் காய்ச்ச வைத்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெயில் இதழ் போட்டுச் சிறுதீயில் வைத்து, சலசலப்பு அடங்கிய பிறகு இறக்குங்கள். முன்னாலேயே இறக்கினால் ஈரம் தங்கி எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

நந்தியாவட்டை விஷயத்தில் மாமியார் வழியை விட்டுவிடுங்கள், தங்கை. அவர் அன்பாகத்தான் செய்திருப்பார். ஆனால் அந்தச் செடியைக் கிள்ளினால் பால் வடியும், அரளியின் குடும்பம் அது. பூவிலும் நம் கையிலும் இருக்கும் கிருமியைச் சிவந்த கண்ணுக்குள் விட்டால் கருவிழியில் புண் வரலாம். சுத்தமான தண்ணீரில் கண்ணைக் கழுவுங்கள். வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அன்புடன்,
அக்கா