சுங்குடி முடிச்சும் மகளின் படிப்பும்

அம்மா, போன வாரம் நீங்கள் கேட்ட கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "நீட்ல கிடைக்கலன்னதும் ஏதோ எபிஜெனடிக்ஸ்னு சொல்றா சார். அதைப் படிச்சா சோறு கிடைக்குமா?" வெளியே நாலு பேர் காத்திருந்ததால் அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். முழுப் பதில் இது. மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

நீங்கள் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர். துணியைக் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்குகிறீர்கள். சாயத்தில் முக்கினால் இறுக்கிய இடத்தில் மட்டும் சாயம் ஏறாது. உங்கள் மகள் சொல்லும் எபிஜெனடிக்ஸும் ஏறக்குறைய இதுதான். தோல் செல்லிலும் ரத்த வெள்ளையணுவிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. துணி ஒன்றுதான், முடிச்சு விழுந்த இடங்கள்தான் வேறு. ஒரு செல்லுக்குள் சுமார் 2 மீட்டர் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றிக் கிடக்கிறது. சுற்று இறுகிய இடத்தில் மரபணுவைப் படிக்க முடியாது, தளர்ந்தால் படிக்கலாம். இறுக்குவதும் தளர்த்துவதும் நொதிகளின், அதாவது என்சைம்களின் வேலை. சேலையில் முடிச்சை ஒரு தடவை அவிழ்த்தால் முடிந்தது. செல்லோ போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டே இருக்கும்.

காலில் முள் குத்தினால் சிவந்து வீங்குகிறதே, அங்கே மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் கிருமியைக் கண்டுவிட்டன என்று அர்த்தம். உடனே சில நொதிகள் ஹிஸ்டோனில் அசிட்டைல் என்ற சிறு வேதிக்குழுவை ஒட்டும். சுற்று தளரும். இன்டர்லூக்கின்-6 போன்ற எச்சரிக்கைப் புரதங்கள் சுரக்கும். அந்தச் சிவப்பும் வீக்கமும்தான் அழற்சி, அது நமக்கு வேண்டியதுதான். ஆனால் கிருமி போனதும் அது அடங்க வேண்டும். இதைப் பற்றி 2015இல் ஓர் அருமையான ஆய்வு வந்தது. டெட்2 என்ற நொதி, ஹெச்டிஏசி2 என்ற இன்னொரு நொதியைக் கையோடு கூட்டிப்போய் இன்டர்லூக்கின்-6 மரபணுவில் சேர்க்கிறது. அது அசிட்டைலைக் கழற்றிவிட, மரபணு மூடிக்கொள்கிறது. டெட்2 இல்லாத எலிச் செல்களில் அந்தப் புரதம் அடங்காமல் சுரந்தது. மூட்டுவாதம் மாதிரி அழற்சி தணியாத நோய்களில் இந்த நொதிகளை இவ்வளவு பேர் ஆராய்வது இதனால்தான்.

உங்கள் மகளின் இடது தோளில் பிசிஜி தழும்பு இருக்கும், பாருங்கள். காசநோய்க்குப் போட்ட அந்த ஊசி, ரத்தத்தில் மோனோசைட் என்ற வெள்ளையணுக்களில் ஹிஸ்டோன் அடையாளங்களை மாற்றி, வேறு கிருமிகளையும் வேகமாக எதிர்க்க வைப்பதை 2012இல் காட்டினார்கள். செல் ஞாபகம் வைத்துக்கொள்கிறது!

சரி, சோற்றுக்கு வருவோம். அசிட்டைலைக் கழற்றும் நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் கடைக்கு வந்துவிட்டன. 2006இல் அமெரிக்காவில் வோரினோஸ்டாட், ஒரு வகைத் தோல் லிம்போமா புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. 2024இல் கிவினோஸ்டாட், டுஷேன் தசைச் சிதைவு நோய்க்கு. பெங்களூரு, ஹைதராபாத் மருந்து நிறுவனங்களில் நொதி ஆய்வு தெரிந்தவர்களுக்கு வேலை உண்டு. நம்மூர் மதுரையிலும் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சி அமைப்பில் நோய் எதிர்ப்பியல், மரபியல் ஆய்வு நடக்கிறது. வயல் வேலையில் கண்ணில் உமி பட்டு வரும் பூஞ்சைப் புண்ணில், பூஞ்சையோடு அழற்சியும் சேர்ந்துதான் கருவிழியைக் கெடுக்கிறது. இதில் செய்ய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

ஆனால் ஒன்று. பெயர் கவர்ச்சியாக இருக்கும் இளநிலைப் பட்டத்துக்குக் கடன் வாங்கிக் கட்டாதீர்கள். சில வருடம் முன்பு ஒரு பையனை அப்படிச் சேர நான் தடுக்கவில்லை. மூன்று வருடத்தில் பிப்பெட் என்ற ஆய்வகக் குழாயைக் கையில் பிடித்தது நாலைந்து தடவைதான். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியிலோ லேடி டோக்கிலோ விலங்கியல் அல்லது வேதியியல் போதும். அசிட்டைல் ஒட்டுவதும் கழற்றுவதும் வேதியியல்தான், அதில் அவள் பலமாக வேண்டும். பியூர் சயின்ஸ் குரூப் எடுத்ததால் கணிதம் விட்டுப்போயிருக்கிறது. புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் இப்போதே தொடங்கட்டும், இந்தத் துறையில் பாதி வேலை கணினியில்தான். அப்புறம் உயிர்தொழில்நுட்ப எம்.எஸ்ஸி.க்கு ஜிஏடி-பி என்ற நுழைவுத் தேர்வு, அதை முடித்து சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய். அதுவரை ஐந்து வருடம், முனைவர் பட்டத்துக்கு இன்னும் ஐந்து. நீளமான வழிதான், மறைக்கவில்லை. எம்.எஸ்ஸி.யோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போகவும் வழி இருக்கிறது.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றீர்கள். அப்படியானால் புதுமைப்பெண் திட்டத்தில் பட்டம் முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வரும். அவள் பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். அடுத்த முறை வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அவளையும் கூட்டி வாருங்கள். அவள் பேசி நான் இன்னும் கேட்கவில்லை.