மண்ணில் பட்டுத் திரும்பும் ஒளியின் தளவிளைவை (ஒளி அலை ஒரே தளத்தில் அதிர்வதை) ஆய்வகத்தில் எப்படி அளப்பது? என்ன கருவி வாங்க வேண்டும்?

ஹாலோஜன் விளக்கு, இரண்டு போலராய்டு தகடுகள் (ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை), ஓர் ஒளி உணரி, கோணம் பார்க்க ஒரு கோணமானி. தொடங்குவதற்கு இவை போதும். லேசர் வேண்டாம், மண்ணில் பட்டதும் புள்ளி புள்ளியாகச் சிதறி அளவீட்டைக் கெடுத்துவிடும். ஊட்டியில் இதே வேலையைச் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கருவியைவிட மண்ணுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

மண்துகளின் மேற்பரப்பில் பட்டு உடனே திரும்பும் ஒளியில் தளவிளைவு இருக்கும். துகள்களுக்குள் புகுந்து பலமுறை சிதறி வெளியேறும் ஒளி அதைப் பெரும்பாலும் இழந்துவிடும். கறுத்த மண் இந்த இரண்டாவது வகை ஒளியை விழுங்கிவிடுவதால், திரும்பி வருவதில் தளவிளைவின் விகிதம் கூடுகிறது. ரஷ்ய இயற்பியலாளர் உமோவ் 1905-இல் சொன்னது இதைத்தான். நீலகிரியில் இருப்பவருக்கு இதைச் சோதிக்க அருமையான வாய்ப்பு உண்டு. குளிரில் இலைதழை மெதுவாக மட்குவதால் மேல்மண் கறுத்திருக்கும். சாலைக்காக வெட்டிய சரிவில் அதற்குக் கீழேயே செம்மண் தெரியும். சோலைக்காட்டுக்குள் மட்டும் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

இரண்டையும் 2 மி.மீ. சல்லடையில் சலித்து, 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் முழுக்க உலர்த்துங்கள். தட்டில் கொட்டியபின் கண்ணாடித் தகட்டால் அழுத்தி மட்டம் செய்யாதீர்கள். அழுத்தினால் மேலே மெல்லிய பளபளப்பு ஏறும். நீங்கள் அளப்பது அந்தப் பளபளப்பாகவே இருக்கும். விளிம்பில் ஒரு குச்சியை ஓட்டி, மிகுந்த மண்ணை வழித்துவிட்டால் போதும்.

ஊட்டியின் பெரிய தொல்லை ஈரம். மூடுபனி இறங்கும் நாளில் உலர்ந்த மண் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய கலத்தில் வையுங்கள். ஒவ்வொரு அளவீட்டுச் சுற்றுக்கும் முன்னும் பின்னும் தட்டை எடை போடுங்கள். எடை மாறியிருந்தால் அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஈர மண்ணையே அளக்க விரும்பினாலும் எடைதான் வழிகாட்டி. துகளின் மேல் நீர்ப்படலம் இருந்தால் மண்ணின் நிறமும் கறுக்கும், தளவிளைவும் கூடும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால், புருஸ்டர் விதிப்படி (பட்டுத் திரும்பும் ஒளி முழுத் தளவிளைவு பெறும் கோணத்தைச் சொல்லும் விதி) படுகோணம், அதாவது செங்குத்துக் கோட்டிலிருந்து ஒளி விழும் கோணம், 53 டிகிரியை நெருங்கும் இடத்தை நிதானமாக அளந்து பாருங்கள்.

அளக்கும் முறை எளிது. உணரிக்கு முன்னுள்ள போலராய்டை படுதளத்துக்கு (விழும் ஒளியும் திரும்பும் ஒளியும் அமையும் தளத்துக்கு) செங்குத்தாக ஒருமுறை, இணையாக ஒருமுறை வைத்து இரண்டு அளவுகள் எடுங்கள். விளக்கை அணைத்து எடுத்த அளவை இரண்டிலிருந்தும் கழித்துவிட்டு, வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் தளவிளைவின் அளவு கிடைக்கும். விளக்கொளியிலேயே சிறிது தளவிளைவு இருக்கலாம். உணரியும் ஒரு திசைக்குச் சாய்வாக இருக்கலாம். வெள்ளைத் தரத்தகட்டை (ஒப்பிடுவதற்கான வெள்ளைத் தகட்டை) வைத்து அதை முதலில் சரிபாருங்கள். ஒரே தட்டைத் திருப்பித் திருப்பி வைத்துச் சராசரி எடுங்கள். மேடு பள்ளத்தின் நிழல் அதில் அடங்கிவிடும். மண்ணில் விழும் ஒளியே தளவிளைவோடு இருக்க வேண்டுமானால் இரண்டாவது போலராய்டை விளக்கின் முன் வையுங்கள்.

முதலில் உலர்ந்த செம்மண்ணில் தொடங்குங்கள். மறுநாளும் அதே எண் வந்தால் கறுத்த மண்ணுக்குப் போகலாம்.