பதில்: மதுரை வாக்காளர் அட்டையை வைத்துக் கோவையில் வாக்களிக்கலாமா?

மதுரையிலிருந்து கோவைக்கு வாடகை வீட்டில் குடிவந்திருக்கும் நீங்கள், பழைய அட்டையை வைத்தே இங்கே வாக்களிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "படிவம் 6 நிரப்பிப் புதிதாகப் பதிந்துவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று நண்பர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அட்டை மட்டும் இருந்தால் போதாது. கோவையில் உங்கள் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் சட்டமன்றத் தேர்தலில் அங்கே வாக்களிக்க முடியும்.

நண்பர் சொன்னபடி படிவம் 6 நிரப்ப வேண்டாம். அது முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கானது. வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8. 2022 ஆகஸ்ட் முதல் தொகுதி விட்டுத் தொகுதி மாறுவதற்கும் இதுவேதான். மதுரைப் பட்டியலில் பெயர் இருப்பதை மறைத்துக் கோவையிலும் புதிதாகப் பதிந்தால் இரண்டு இடத்தில் பெயர் இருக்கும். பொய் உறுதிமொழி தருவது தண்டனைக்குரிய குற்றம். "யார் பார்க்கப் போகிறார்கள்" என்ற ஆலோசனையைக் காதில் வாங்காதீர்கள்.

வீட்டு உரிமையாளர் வாடகை ஒப்பந்தம் தர மறுக்கிறார் என்கிறீர்கள். பரவாயில்லை. புதிய முகவரி உள்ள ஆதாரோ வங்கிக் கணக்குப் புத்தகமோ போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் விசாரிக்க வரலாம் என்பதால், சரியான கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ விண்ணப்பிக்கலாம், சந்தேகம் இருந்தால் 1950 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

தேதி அறிவிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்க மாட்டார்கள். விசாரணைக்கு அவகாசம் தேவை என்பதால் விண்ணப்பம் அதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும்.

வாக்குப்பதிவன்று பூத் சீட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது அடையாள ஆவணம் ஆகாது. வாக்காளர் அட்டை கையில் இல்லையென்றால் ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் ஒன்றைக் காட்டலாம்.