டாக்டரைக் கேளுங்கள்: நைனாவுக்கும் அம்மாவுக்கும் ஸ்டென்ட்

கேள்வி: என் நைனாவுக்கும் அம்மாவுக்கும் அடுத்தடுத்த வருடங்களில் இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பி வலை) வைத்தார்கள். நைனா இன்றைக்கும் சைக்கிளில் காசிமேடு போய் மீன் வாங்கி வருகிறார். சர்க்கரை உள்ள அம்மாவுக்கோ மூன்றாவது வருடமே வைத்த இடத்தில் மறுபடி அடைப்பு. அதைச் சரிசெய்த பிறகும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "பொம்பளைங்களுக்கு ஸ்டென்ட் ஒத்துக்காது" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. உண்மையா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அப்படியெல்லாம் இல்லை என்று அந்த அக்காவிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் அவர் பேச்சில் கொஞ்சம் விஷயமும் இருக்கிறது. 21 ஆய்வுகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து, ஸ்டென்ட் வைத்த சுமார் 33 ஆயிரம் பேருக்கு 5 வருடத்தில் என்ன ஆனது என்று அலசி 2020-ல் வெளியிட்டார்கள். இதய நோயால் மரணம், மாரடைப்பு, வைத்த இடத்திலேயே மறுபடி சிகிச்சை, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேர், ஆண்களில் 18 பேர். இவ்வளவுதான் வித்தியாசம். வயது, சர்க்கரை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, பெண் என்பதாலேயே மரணம் கூடவில்லை. வைத்த இடத்தில் மறுபடி சிகிச்சை தேவைப்படுவது மட்டும் அப்போதும் பெண்களுக்குக் கூடுதலாகவே இருந்தது. (அந்த 33 ஆயிரம் பேரில் பெண்கள் நூற்றுக்கு 28 பேர்தான். ஆராய்ச்சியிலும் நம்மைப் பின்வரிசையில்தான் உட்கார வைக்கிறார்கள்.)

ஏன் மறுபடி அடைக்கிறது? பெண்களின் இதய ரத்தக் குழாய் பொதுவாகவே ஒல்லி. ஸ்டென்ட் வைத்த பிறகு அதன் உள்பக்கம் கொஞ்சம் சதை வளர்வது எல்லோருக்கும் நடப்பதுதான், ஆனால் மூன்றரை மில்லிமீட்டர் குழாயில் அரை மில்லிமீட்டர் வளர்ந்தால் ரத்தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அதே அரை மில்லிமீட்டர் இரண்டரை மில்லிமீட்டர் குழாயில் வளர்ந்தால் வழி சுருங்கிவிடும். சர்க்கரை இருந்தால் அந்த வளர்ச்சி இன்னும் அதிகம். அப்புறம், பெண்களுக்கு இந்த நோய் ஆண்களைவிடச் சில வருடங்கள் கழித்துத்தான் தலைகாட்டும் என்பதால், ஸ்டென்ட் வைக்கும் மேஜைக்கு வரும்போதே வயதும் ஆகி, சர்க்கரை, பிரஷர், சில சமயம் கிட்னி கோளாறு என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வருகிறார்கள். இருவருக்கும் வைப்பது ஒரே பொருள்தான், அதைத் தாங்கும் உடம்புதான் வேறு.

இப்போதைய மூச்சு வாங்கலுக்கு வருவோம். மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள், டிகாக்ரலார் என்று இருக்கிறதா? ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் அந்த மருந்தே சிலருக்கு மூச்சுத்திணறல் தரும். டாக்டர் வேறு மாற்றிக் கொடுப்பார், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஹீமோகுளோபின் பார்த்தார்களா? எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்களா? எல்லாம் சரி, பெரிய குழாயிலும் அடைப்பில்லை, ஆனாலும் நெஞ்சை அழுத்துகிறது என்றால், ஆஞ்சியோவில் (ரத்தக் குழாயைக் காட்டும் எக்ஸ்ரே படத்தில்) தெரியாத மெல்லிய குழாய்களில் கோளாறு இருக்கலாம். பெண்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம், மருந்தும் இருக்கிறது. "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான்" என்று யாராவது அனுப்பினால் எழுந்து வந்துவிடாமல், சின்னக் குழாய் பிரச்சினையா என்று அம்மாவையே கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறேன். லேசாக இடித்துக்கொண்டாலே கன்னிப்போய் நீலம் பூக்கிறது, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையும் போடுகிறேன். இதய மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: நிறுத்த வேண்டியது முட்டிவலி மாத்திரையை! டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகையறா இதயத்துக்கும் ஆகாது, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரை கொண்டுபோய் விடும். ஸ்டென்டுக்குப் பிறகு ரத்தக்கசிவு ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் என்பது பல வருடமாகத் தெரிந்த சங்கதி. வலிக்குப் பாராசிட்டமால் எவ்வளவு போடலாம் என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். நீலம் பூப்பதையும் ஈறு விஷயத்தையும் அவரிடம் சொல்லுங்கள், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஆனால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம். மாரடைப்புக்காக வைத்ததென்றால் பொதுவாக ஒரு வருடம் இரண்டு மாத்திரையும் உண்டு, முன்கூட்டித் திட்டமிட்டு வைத்ததென்றால் பெரும்பாலும் 6 மாதம், அதற்குப் பிறகு ஒன்று மட்டும் தொடரும். ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு இந்தக் காலத்தைக் குறைப்பதும் உண்டு. உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டதால் தாராளமாகக் கேட்கலாம், டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டு போங்கள். பல் பிடுங்கப் போனாலும் அதே காகிதத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 54 வயது, ஸ்டென்ட் வைத்திருக்கிறது. போன வாரம் ராத்திரி தாடையிலும் முதுகிலும் வலி, வியர்வை, குமட்டல். கேஸ் என்று சோடா குடித்துப் படுத்துவிட்டாள். காலையில் ஈசிஜி நார்மல். விட்டுவிடலாமா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: விடக்கூடாது, தம்பி. ஒரு ஈசிஜி நார்மல் என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இந்த வாரமே ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பெண்களுக்கும் மாரடைப்பில் நெஞ்சுவலிதான் முக்கிய அறிகுறி, ஆனால் தாடை, முதுகு, குமட்டல், காரணமில்லாத அசதி இவையெல்லாம் ஆண்களைவிட அதிகமாகக் கூடவே வரும், அதனால்தான் கேஸ் என்று ஏமாந்து போகிறோம். மறுபடி வந்தால் சோடாவும் வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், ராத்திரி இரண்டு மணியானாலும் 108. இதயத் தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பார்கள். முதல் முடிவு நார்மல் என்றதும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.